தூக்கிய கையின் பின்பக்கம்

“என் ஒடம்பு என்ன உனக்குப் பாடப்புத்தகமா, நெனச்சப்பல்லாம் தொறந்து தொறந்து பார்க்கறதுக்கு?” இதுதான் அவர் கேட்டது, ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை விரித்து உட்கார்ந்த சுகுணா அதை ஐந்தாவது தடவையாக மனசுக்குள் கஜேந்திரனின் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள், ‘தொறந்து தொறந்து’ என்று இரண்டு தரம், அந்த இரண்டாவது தரத்தில் மோர்ச்சோற்றுப் பருக்கை ஒன்று தெறித்து ஊறுகாய் ஜாடி மேல் ஒட்டியது, அதையும் அவள்தான் துடைத்தாள். பாடப்புத்தகமாம். அப்படி என்ன கேட்டுவிட்டாள்? சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் முதுகு தெரிய உட்காருங்கள், வலது கையைத் தூக்கிக்கொள்ளுங்கள், பத்து நிமிஷம், வலித்தால் இறக்கிக்கொள்ளலாம், நடுவில் காபி வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன். சொத்தையா எழுதிக் கேட்டாள்? இருபத்தேழு வருஷமாக இந்த மனுஷர் வீட்டுக்குள் சட்டை போட்டு அவள் பார்த்ததில்லை. இடுப்பில் ஒரு கைலி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, அந்தக் கோலத்தில் பால்காரருக்குக் கதவு திறப்பார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை நிறுத்தி வைத்து அரசியல் பேசுவார், பால்கனியில் நின்று புத்தூர் முழுவதுக்கும் தரிசனம் தருவார். அப்போதெல்லாம் புத்தகம் திறந்தேதான் கிடந்தது, பெண்டாட்டி பென்சிலோடு வந்து நின்றால் மட்டும் மூடிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை காலை பின்னால் போய் நின்று இரண்டு நிமிஷம் பார்த்தாள். “என்னடி பார்வை?” “உங்க ஸ்கேபுலாவைப் பாக்கறேன்.” அவ்வளவுதான், உள்ளே போய் நீலநிற முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்தான், இன்று ஞாயிறு, மூன்றாவது நாள், வேறு சட்டை, அதே பட்டன். அக்னி நட்சத்திரத்தில், திருச்சியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில். வேர்த்துச் செத்தாலும் சாவேன், உனக்குத் தோளைக் காட்ட மாட்டேன். சரி, சாகட்டும். இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, வாய்தான் அப்படி, மனசுக்குள்ளும் அதே வாய்தான் இருக்கிறது, என்ன செய்ய.

நாளைக்குப் பதினோரு மணி. அதற்குள் ஒரு தூக்கிய வலது கை, பின்பக்கமாக, உயிருள்ள ஆளைப் பார்த்து வரைந்தது, அதன் மேல் ட்ரேசிங் தாளில் உள்ளே இருக்கிற எலும்புகள், இரண்டையும் கொண்டுபோய் இளம்பரிதியின் மேசையில் வைக்க வேண்டும். தில்லைநகரில் தையற்கடைக்கு மேல் மாடியில் அவன் நடத்துகிற ஓவிய வகுப்பில் இவள் எட்டு மாதமாக ஆப்பிள், செம்பு, மடித்த துணி எல்லாம் தாண்டி வந்தாயிற்று. அடுத்தது ஆளை உட்கார வைத்து வரைகிற வகுப்பு, அதற்கு எட்டே ஸ்டூல், ஏழு நிரம்பிவிட்டது, எட்டாவதற்கு இவளும் ஒரு இன்ஜினியரிங் படிக்கிற பெண்ணும். இளம்பரிதிக்கு முப்பத்திரண்டு வயசிருக்கும், மேடம் மேடம் என்று சர்க்கரையாகத்தான் பேசுவான், ஆனால் போன சனிக்கிழமை அவள் படத்தை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, “மேடம், உங்க ஆளு நல்லாத்தான் கையைத் தூக்குறாரு, ஆனா இந்தத் தோள்பட்டை எலும்பு இடதுபக்கத்து எலும்பு. பாவம், செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்துட்டாரு போல” என்றான். சிரித்தார்கள். அந்த இன்ஜினியரிங் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அது இன்னும் மோசம். தப்பு யாருடையது? மகள் நிவேதா டாக்டருக்குப் படிக்கப் போனபோது சீனியரிடமிருந்து வாங்கிய எலும்புகள், அட்டைப்பெட்டியில் பாதி செட், ஒரே ஆளுடைய எலும்புகள்கூட இல்லை, எவரெவரோ, தோள்பட்டை ஒருவருடைய இடது, மேற்கை எலும்பு இன்னொருவருடைய வலது, அதையெல்லாம் பொருத்திப் பார்க்காமல் இருக்கிறதை இருக்கிறபடி வரைந்தவள் இவள். பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவளுக்கு இடது வலது தெரியவில்லை. “இப்ப கண்ணாடியில திருப்பிப் பாத்து வரைஞ்சு எடுத்துட்டு வராதீங்க மேடம், ஃபோட்டோவும் வேணாம், ரெண்டுமே எனக்குத் தெரிஞ்சிடும். ஒரு ஆளை உக்கார வைங்க. தூக்கின கையில தோள்பட்டை எங்க போகுதுன்னு கண்ணால பாருங்க.” கண்ணால் பார்க்கலாம்தான். பக்கத்து அறையில் இருக்கிறது, பட்டன் போட்டுக்கொண்டு.

அவள் அந்த இடது தோள்பட்டை எலும்பை, ஸ்கேபுலாவை, எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், நடுவில் அப்பளம் மாதிரி மெல்லிசு, வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தது. முக்கோணம். பின்னால் குறுக்கே ஒரு மேடு, அது மேலேறிப் போய்த் தோள் முனையில் கூரை மாதிரி நீண்டு நிற்கிறது, அதற்குக் கீழே ஒரு பள்ளம், பள்ளம் என்று சொல்வதற்கே இல்லை, டீஸ்பூன் அளவு, அதன் மேல்தான் மேற்கை எலும்பின் உருண்டை எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவுதான் பிடிப்பு. முதலில் தெரிந்துகொண்டபோது அவளுக்குப் பயமாகவே இருந்தது, இந்த ஸ்பூனையும் எலுமிச்சம்பழத்தையும் நம்பியா இத்தனை வருஷம் பத்து லிட்டர் குக்கரை இறக்கினோம், நிவேதாவை இடுப்பில் தூக்கினோம். கையை உடம்போடு சேர்க்கிற எலும்பு மொத்தமே முன்பக்கம் இருக்கிற காறையெலும்பு ஒன்றுதான், ஆள்காட்டி விரல் தடிமன், தோள்பட்டை எலும்போ விலாவின் மேல் சும்மா மிதக்கிறது, சதைகள் பிடித்து வைத்திருப்பதால் நிற்கிறது. பயாலஜி புத்தகத்தில் இதெல்லாம் இருந்திருக்கும். ஆனால் சிஸ்டர் ஜெர்மானா ஜூன் மாதமே எல்லாப் பிள்ளைகளின் புத்தகத்தையும் வாங்கி, உடம்பு வருகிற பக்கங்களையெல்லாம் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார், நாலு பக்கத்துக்கு மூன்று பின். பாடப்புத்தகமா தொறந்து தொறந்து பார்க்கறதுக்கு. இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் அந்த வாக்கியத்தை, சிஸ்டர் ஜெர்மானா கனவில் வந்தாரா? சுகுணா பத்தாம் வகுப்பில் ஹேர்பின்னால் அந்த ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள், உள்ளே இருந்தது சேப்பங்கிழங்கு மாதிரி ஏதோ ஒரு படமும் பதினைந்து அம்புக்குறிகளும், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள், மாட்டிக்கொண்டாள், சேப்பலில் ஒரு மணி நேரம் முழங்கால் போட வேண்டும். அங்கே சிலுவையில் ஒரே ஒருவர், சட்டையில்லாமல், இரண்டு கைகளையும் விரித்து உயர்த்தி. பள்ளிக்கூடம் முழுவதிலும் ஸ்டேப்ளர் அடிக்காத ஒரே உடம்பு. வேண்டுதல் எதுவும் அவளுக்கு வரவில்லை, கண்தான் வேலை செய்தது, ஒரு மணி நேரமும் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னவோ சரியில்லை, என்ன என்று தெரியவில்லை, முப்பத்தேழு வருஷம் கழித்துப் போன மாதம் பாத்திரம் தேய்க்கும்போது தெரிந்தது. அந்தச் சிலையைச் செய்தவர் கையை மட்டும் உயர்த்தியிருந்தார், தோளை உயர்த்தவில்லை, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி தோள் கீழேயே நின்றுவிட்டது. கை தனியாக மேலே போகாது. முதலில் கொஞ்ச தூரம் போகும், அதற்கப்புறம் பின்னால் அந்த முக்கோணம் சுழன்று கூடவே வரும், கை இரண்டு பங்கு போனால் அது ஒரு பங்கு. முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குக் கை மட்டும்தான் தெரியும். சோப்பு நுரையோடு நின்று அவள் சிரித்தது கேட்டு, “யாரோட பேசிட்டிருக்க?” என்று கஜேந்திரன் ஹாலிலிருந்து கேட்டார். “கடவுளோட” என்றாள், அது பாதி உண்மை.

மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உதறி அடங்கியது. கரண்ட் போய்விட்டது, மணி மூன்றேகால், இனி நாலரைக்கு வந்தால் புண்ணியம். இப்போது கழற்றித்தானே ஆக வேண்டும், அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள், ஹாலில் சாய்வுநாற்காலி கிரீச்சிட்டது, செய்தித்தாளை மடித்து விசிறிக்கொள்கிற சத்தம், சரக் சரக், பட்டன் கழற்றுகிற சத்தம் காதில் விழாது, ஆனாலும் இல்லை என்று தெரிந்தது. பிடிவாதம். இந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தானே கட்டிக்கொடுத்தார்கள், பெண் பார்க்க வந்தபோது அவர் சித்தப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, “பையன் வாலிபால்ல டிஸ்ட்ரிக்ட் பிளேயரும்மா, ஸ்மாஷ் கஜேந்திரன்னாத்தான் மணப்பாறை வரைக்கும் தெரியும், அந்த வலது கை எழும்பிச்சுன்னா எதிர்ப்பக்கம் எவனும் நிக்க மாட்டான்.” கூட்டுறவு வங்கியில் வேலை என்பதைக்கூட அதற்கப்புறம்தான் சொன்னார். கல்யாணமான புதிதில் மேட்ச்சுக்குக் கூட்டிப் போனார், மணல் மைதானம், ட்யூப்லைட், வேர்க்கடலை, அவர் ஓடிவந்து எழும்பியபோது கை பின்னால் வளைந்து மேலே போய், ஒரு கணம் அங்கேயே நின்றது, பந்து வருகிறவரைக்கும் காத்திருக்கிற மாதிரி, பனியன் ஏறி முதுகு தெரிந்தது, அந்த முக்கோணம் தோலுக்கு அடியில் பறவை திரும்புகிற மாதிரி திரும்பியது. பேர் தெரியாமல் பார்த்தாள். பேர் தெரிந்தபிறகு ஒரு தடவை பார்க்கக் கூடாதா? அதைத்தானே கேட்டாள். நாளைக்கு அந்த இன்ஜினியரிங் பெண் யாரையாவது அண்ணனை, சித்தப்பாவை உட்கார வைத்து வரைந்துகொண்டு வந்துவிடுவாள், எட்டாவது ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்வாள், இவள் திரும்ப வந்து செம்பும் துணியும் வரைய வேண்டியதுதான், இல்லாவிட்டால் அதையும் விட்டுவிட்டு இட்லிக்கு ஊறப்போட வேண்டியதுதான். “அம்பத்துமூணு வயசுல என்னத்த வரைஞ்சு என்னத்த சாதிக்கப்போற?” என்று வகுப்பில் சேர்ந்த முதல் நாள் அவர் கேட்டபோதும் இதே தோரணைதான், கேட்டுவிட்டு ஒரு தோள் குலுக்கல் வேறு. இப்போதெல்லாம் எதற்கும் தோள் குலுக்கல். மேல் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுங்கள் என்றால் தோளைக் குலுக்கிவிட்டு, “நீயே எடு.” ஃபேனில் ஒட்டடை என்றால் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய்விடுவார். அலட்சியம். வலது தோளை மட்டும் காதுவரைக்கும் தூக்கி.

வலது தோளை மட்டும். பென்சில் நின்றது. அலட்சியப்படுத்துகிறவர்கள் இரண்டு தோளையும் குலுக்குவார்கள், இவருக்கு ஒன்றுதான் ஏறுகிறது, அது குலுக்கலாகவே இல்லையோ, மேல் அலமாரிக்குக் கையை நீட்டத்தான் பார்த்தாரோ, கை வராமல் தோள் மட்டும் ஏறிக்கொண்டதோ. போகாத கைக்குப் பதிலாகப் பின்னால் இருக்கிற முக்கோணம் தானே முழு வேலையையும் செய்யப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், தோள் காதுக்குப் போகும், கை அங்கேயே நிற்கும். இல்லை, அதிகமாக யோசிக்கிறாய் சுகுணா, எலும்பைத் தொட்டுத் தொட்டு எல்லாரிடமும் எலும்பாகத் தெரிகிறது உனக்கு. ஆனால் பனியன். பொங்கலிலிருந்து துவைக்கிற துணியில் பனியன் இல்லை, “காத்தாட இருக்கட்டும்” என்றார், நல்லதாப் போச்சு, வாரத்துக்கு ஏழு உருப்படி குறைந்தது என்று இருந்துவிட்டாள், பனியன் போட இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். சட்டைக்கு வேண்டாம். இன்று காலை குளித்துவிட்டு வந்து சட்டை போட்டபோது அவள் கதவோரம் நின்றாள், வலது கையை முதலில் நுழைத்து, இடது கையால் சட்டையை மேலே இழுத்துவிட்டு, அப்புறம்தான் இடது கை. இருபத்தேழு வருஷமும் அது மாறித்தான் இருந்தது. தலையைக் குனிந்து சீப்புக்குக் கொண்டுபோகிறார், சீப்பைத் தலைக்குக் கொண்டுவருவதில்லை. எலும்புப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தாருங்கள் என்று ஜனவரியில் கேட்டதற்கு, “செத்தவன் எலும்பை நான் தொட மாட்டேன், வேணும்னா நீயே ஏறி எடுத்துக்க” என்று கத்தினாரே, அன்றைக்கு ஸ்டூல் போட்டு ஏறி, தூசியெல்லாம் தலையில் கொட்டி, இந்தப் பயந்தாங்கொள்ளியையா மணப்பாறை வரைக்கும் தெரியும் என்று அவள் எட்டுக் கட்டையில் கேட்டாளே. கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு ஹாலுக்குப் போய்விட்டார் மனுஷர். பதினோரு வருஷமாகச் சர்க்கரை, சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போகும் என்று நிவேதாகூட எதற்கோ ஒரு தடவை ஃபோனில் சொன்னாள், யாருக்கோ சொல்கிற மாதிரி இவளும் ஊம் கொட்டினாள். அப்புறம் படுக்கை. கல்யாணத்திலிருந்து வலது பக்கமாகச் சாய்ந்து அவள் பக்கம் பார்த்துப் படுக்கிறவர், அஞ்சு மாதமாகச் சுவரைப் பார்த்து. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நிவேதாவிடம் எப்படிச் சொல்வது, சரி போ, இந்த வயசில் என்ன இருக்கிறது என்று ஒரு பின் அடித்துக்கொண்டு, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே தூங்கப் பழகியாயிற்று. தோள் வலியா. வெறும் தோள் வலிதானா அது. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா. தினமும் ஒரு கை தூரத்தில் அந்தத் தோள்பட்டை கிடந்தது, அவள் பென்சிலோடு ஊரெல்லாம் ஆள் தேடியிருக்கிறாள்.

அழுகை வரும் போலிருந்தது, வரவிடவில்லை, அழுதால் காகிதம் ஊறும், கெட்டியான காகிதம், திருச்சியில் ஒரே கடையில்தான் கிடைக்கிறது. அதைவிட வெட்கம் இன்னொன்று, அழுகைக்கு முன்னாலேயே வந்துவிட்டது அது, அவள் அதைப் பார்க்காத மாதிரி இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. எப்படிப்பட்ட படம் அது! பாதியில் நின்றுவிட்ட கை, அதற்காகக் காதுவரைக்கும் ஏறுகிற தோள், முதுகில் தன் இடத்தை விட்டு விலகி நெம்பிக்கொண்டு நிற்கிற முக்கோணம், ட்ரேசிங் தாளில் எல்லா எலும்பும் வேறு கோணத்தில். எட்டு ஸ்டூலில் ஒருத்தரிடமும் இருக்காது. புருஷனுக்குக் கை தூக்க வரவில்லை, இவளுக்குப் படம் கிடைத்துவிட்டது, என்ன பெண்பிள்ளை நீ. இருக்கட்டும். வெட்கத்தையும் வைத்துக்கொண்டு வரைகிறேன், யாருக்கென்ன. இளம்பரிதி தூக்கிய கை கேட்டான், எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை. “மேடம், இது பாதிதானே” என்றால், அஞ்சு மாசமா இவ்வளவுதான் ஏறுது, இதுக்கே எவ்வளவு எலும்பு வேலை செய்யுதுன்னு எண்ணிப் பாருப்பா என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் சிரித்தால் சிரிக்கட்டும். ஸ்டூல் கொடுத்தால் உட்காருகிறேன், இல்லாவிட்டால் அவன் மாடிப்படியிலேயே உட்கார்ந்து வரைகிறேன், எழுப்பட்டும் பார்க்கலாம். நாளைக்குச் சாயங்காலம் இவரை டாக்டரிடம் இழுத்துப் போக வேண்டும், வர மாட்டார், வருவார், நிவேதாவிடம் சொல்வேன் என்றால் ஸ்கூட்டரைப் பிடுங்கிவிடுவாள் என்ற பயத்தில் வருவார், ஓஹோ, அதற்குத்தான் மறைத்தாரோ, அதற்கும் மணப்பாறைக்கும் சேர்த்து. அவள் எழுந்தாள். பலகை, காகிதம், மூன்று பென்சில், மேசையில் எலும்புகளை அப்படியே விட்டாள், இனி அவை வேண்டாம். ஹாலுக்குப் போகிற பத்தடியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். கஜேந்திரன் சாய்வுநாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை, தூங்குகிறவர் கையில் செய்தித்தாள் இப்படி விசிறாது, இடது கையில் விசிறிக்கொண்டிருந்தார், சட்டை முதுகோடும் மார்போடும் ஒட்டி, நனைந்த துணிக்கு அடியில் காறையெலும்பு ஒரு கோடாகத் தெரிந்தது, எவ்வளவு மெலிந்துவிட்டார். கேள்வி எப்படி வர வேண்டும் என்று அவள் யோசித்திருந்தது வேறு, வாயில் வந்தது வேறு.

“பனியன் போட வரலைன்னா சொல்றதுக்கென்ன? நானா மணப்பாறைக்குப் போய்த் தமுக்கு அடிக்கப்போறேன்?”

விசிறிக்கொண்டிருந்த செய்தித்தாள் நின்றது. கண் திறக்கவில்லை. வலது கை மெதுவாக, தெரியாதபடி, மடிக்குள் போய் ஒதுங்கியது, அவள் அதைப் பார்த்தாள், பார்த்தாள் என்பது அவருக்கும் தெரிந்தது. சுகுணா மோடாவை இழுத்து அவர் முதுகுப் பக்கமாகப் போட்டுக்கொண்டாள், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, பலகையை முழங்காலில் சாய்த்தாள், தன் குரல் இவ்வளவு தணிவாகவும் வரும் என்று அவளுக்கே தெரியாது.

“பட்டனை நான் கழட்டறேன். எவ்வளவு ஏறுதோ அவ்வளவு தூக்குங்க, போதும். நான் அதையே வரைஞ்சுக்கறேன்.”

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. அவள் பின்னாலிருந்து கையை நீட்டிக் கழுத்துப் பட்டனைக் கழற்றினாள்.

“என்னங்க. கொஞ்சம் தூக்குங்க.”